‘வரட்டும்’ என்று செல்வியக்கா சொன்னது

‘வரட்டும்’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன பொருள்? எனக்கு இன்னும் விடை தெரியாது. நாம் எல்லோரும் தினமும் சொல்கிற சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லை நான் ஓர் அரசுப் படிவத்தில் வேறு இரண்டு சொற்களாக மாற்றி எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். ஒன்றரை வருடமாகியும் அது என்னை விடவில்லை.

நன்னடத்தை அலுவலர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என் பழைய மேலதிகாரி கேட்டார். வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது இது. நான் எட்டே ஆண்டுகளில் வேலையை விட்டவள். இரண்டாவது குழந்தைக்கு ஏழு மாதம், மூத்தவள் யாழினிக்கு ஐந்தரை வயது. அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. தொடக்கத்தை மூன்று முறை அழித்துவிட்டேன். அதனால் அறிவுரையை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர் பரோலில், அதாவது சிறை விடுப்பில், வீட்டுக்குப் போக மனுப் போட்டால், அவர் தங்கப்போகும் இடத்துக்கு நாம் போய் விசாரிக்க வேண்டும். குடும்பம் ஏற்றுக்கொள்ளுமா, அக்கம்பக்கம் என்ன சொல்கிறது, இறந்தவரின் குடும்பத்துக்கு ஆட்சேபணை உண்டா. போலீஸ் அறிக்கை தனி, நம் அறிக்கை தனி. விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நாமில்லை. ஆனால் முடிவெடுப்பவர்கள் அந்தத் தெருவுக்குப் போவதில்லை. நாம் போகிறோம்.

முதல் வருடத்தில், ஊரார் சொல்வதை அப்படியே நம்பினேன். “அவனா? தங்கமான பையன் மேடம்” என்பார்கள். நான்கைந்து விசாரணைக்குப் பிறகுதான், யாரைக் கேட்டாலும் தங்கமான பையன்தான் என்பது புரிந்தது. அதன் பிறகு சொற்களைக் கவனமாகக் கேட்பவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு. அந்த நினைப்போடுதான் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன்.

தேவராஜ் என்பவரின் மனு அது. பதினாறு வருடமாக உள்ளே இருப்பவர். முன்பு இரண்டு முறை மனுப் போட்டு இரண்டும் தள்ளுபடி. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் உள்ள ஒரு காலனிதான் அவருடைய ஊர். அந்தக் காலனியில் பாதிப் பேர் முன்பு வயல் வேலைக்குப் போனவர்கள், இப்போது எல்லோரும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். தேவராஜும், நான்கு வீடு தள்ளியிருந்த குமாரும் ஒரே பழைய இரும்பு யார்டில் லோடு ஏற்றியவர்கள். ஒன்றாகப் போவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். தேவராஜின் கேட் பாஸ் திடீரென்று ரத்தானது. குமார்தான் போட்டுக்கொடுத்தார் என்று அவர் நினைத்துக்கொண்டார். அது பொய் என்று பின்னால் வழக்கின்போதுதான் தெரிந்தது. அந்த நினைப்பில், கேட்டுக்கு வெளியே அவர்கள் எப்போதும் சாப்பிடும் மரத்தடியில், ஒரு மதியம், இரும்புக் கம்பியால் குமாரை அடித்துக் கொன்றுவிட்டார்.

மனுவைப் போட்டது கடம்பத்தூரில் இருக்கும் அவருடைய அக்கா மேரி. பெற்றோர் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை, அவருக்கென்று இருப்பது இந்த அக்கா மட்டும். முதலில் அவரைத்தான் பார்த்தேன்.

“தம்பி இங்க உங்களோட தங்கலாமே. எதுக்குக் காலனி வீட்டு முகவரி குடுத்தீங்க?”

“இது வாடக ஊடு மேடம். போலீஸ்காரங்க வந்து பாத்துக்கினு போனா ஓனரு மறுநாளே காலி பண்ணச் சொல்வாரு. அங்க எங்கப்பா கட்ன ஊடு சும்மாதான பூட்டிக்கிது.”

“அங்க குமாரோட மனைவி இருக்காங்களே.”

“செல்வி என்னோட ஒண்ணா படிச்சவ மேடம். இப்ப ரெண்டு பேரும் ஒரே கம்பெனி. காலையில நான் டிரெய்ன்ல போய் கம்பெனி வேன்ல ஏறுவேன். அவ ஜன்னலோரம் முன்னாடி, நான் கடைசி சீட்டு. பதினாறு வருசம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “தீபாவளிக்குக் கம்பெனியில ஸ்வீட் பாக்ஸ் குடுப்பாங்க. அவளுது எங்கிட்ட வந்தாக்கூட கைமாத்தி வேற ஆள் மூலமாத்தான் போவும்” என்றார்.

பீரோவைத் திறந்து ஒரு சட்டையைக் காட்டினார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தம்பிக்கு ஒன்று எடுப்பாராம். அளவு தெரியாததால் அவன் உள்ளே போன வயதின் அளவையே எடுத்து, வருடக் கடைசியில் யாருக்காவது கொடுத்துவிடுவாராம். இந்த வருடத்துச் சட்டையை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் செல்வியைப் பார்க்கப் போனேன். வியாழக்கிழமை, அவருக்கு வார விடுமுறை. வாசலில் அரிவாள்மனையைப் போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் தனியாக இருப்பவர். வயது நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். என் அடையாள அட்டையைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு மீனின் செதிலை முழுதாக எடுத்து முடித்தார்.

“எத்தினி நாளு?”

“ஆறு நாள்க்கா.”

“ஊம்.”

“உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா சொல்லலாம். நான் எழுதிக்கிறேன். உங்க பேரு வெளிய வராது.”

“வரட்டும்” என்றார்.

அவ்வளவுதான். அடுத்த மீனை எடுத்தார். நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினார். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பகலில் யாழினியைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துத் தெரு அம்மா ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிடம் வைத்துக்கொள்ள மாட்டார். படிவத்தில் ‘உண்டு / இல்லை’ என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. பஸ்ஸில் உட்கார்ந்தே எழுதினேன்: ‘இறந்தவரின் மனைவிக்கு ஆட்சேபணை இல்லை.’ மறுநாள் தட்டச்சு செய்து அனுப்பியாகிவிட்டது. சீக்கிரம் முடித்ததில் கொஞ்சம் பெருமைகூட.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், யாழினி என் புடவையில் தயிரைக் கொட்டினாள். அதுவும் வேண்டுமென்றே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நான் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன்.

“அப்பா வரட்டும்.”

சொன்னதும் நின்றுவிட்டேன். என் குரல் என் காதில் விழுந்தது. அதில் வரவேற்பு எதுவும் இல்லை. குழந்தைக்கு அது தெரியும். அது தெரிந்துதான், “வரட்டும்” என்று அவளும் மோவாயைத் தூக்கிக்கொண்டு சொன்னாள். ஒரே நிமிடத்தில் ஒரே சொல் எங்கள் வீட்டில் இரண்டு முறை மிரட்டலாகிவிட்டது. எனக்கு அந்த அரிவாள்மனைதான் ஞாபகம் வந்தது.

செல்வி சொன்னபோது அவர் முகத்தை நான் பார்த்தேனா? இல்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். குரல் ஏறியதா இறங்கியதா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ‘வந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன’ என்றாரா? ‘வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்’ என்றாரா? கொலை செய்தவரிடமிருந்து மற்றவர்களுக்கு ஆபத்து வருமா என்றுதான் நமக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவருக்கே செல்வியால் ஆபத்து வருமா என்றும், வந்தால் செல்வியின் மீதி வாழ்க்கை என்ன ஆகும் என்றும் நான் யோசிக்கவே இல்லை.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அதிகம் பேசாதவர். “அனுப்பின காகிதத்தத் திருப்பி வாங்கலாம்மா. வெட்கப்படத்தான் வேணும், வேற ஒண்ணும் இல்ல. ஆனா காரணம் எழுதணும்” என்றார்.

என்ன காரணம் எழுத? புடவையில் தயிர் என்றா? ‘கூடுதல் விசாரணை தேவைப்படுகிறது’ என்று எழுதினேன். தபால் பிரிவு கிளார்க்கிடம் மட்டும் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். “கொலகாரன வுடலாமா வேணாமான்னு பாப்பாவக் கேட்டு முடிவு பண்றீங்களா மேடம்? அப்ப என் டிரான்ஸ்பரயும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க” என்றார். நான் வேலையை விட்ட நாள் வரை அந்தக் கேலி ஓயவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மறுபடி போனேன். அன்று பார்த்து யாழினியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குக் காய்ச்சல். குழந்தையையும் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போனேன். செய்யக்கூடாதது. நீங்கள் செய்யாதீர்கள். ஆனால் குழந்தை இல்லாமல் போயிருந்தால் செல்வியக்கா என்னை உட்காரச் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை.

“இன்னா மறுபடியும்? அதான் சொன்னன்ல.”

“வரட்டும்னு சொன்னீங்கக்கா. அது எனக்குச் சரியா புரியல.”

“தமிளுதான பேசுனன்?” என்றவர், யாழினி கையில் ஒரு பொறை பிஸ்கட்டைக் கொடுத்தார். “நீ எயுதிக்கினது இன்னா?”

“ஆட்சேபணை இல்லைன்னு.”

சிரித்தார். “இல்லியா? அத்த நீ முடிவு பண்ணிட்டியா?”

“அப்ப இருக்குதா?”

“இருக்குதுன்னும் நான் சொல்லல.” யாழினியின் வாயில் ஒட்டியிருந்த பிஸ்கட் துணுக்கைத் துடைத்துவிட்டார். “அவன வெளிய வுடாதன்னு சொல்ல எனக்கு இன்னா இருக்குது. பதினாறு வருசம் உள்ள கீறான், என் ஊட்டுக்காரு வந்துட்டாரா? வுடுன்னு சொல்லவும் வாய் வரல. வந்தா ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வரட்டும்னன்.”

“என்ன கேக்கணும்க்கா?”

உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துவந்தார். இரண்டு அடுக்கு, மூடியில் குமாரின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது.

“அன்னிக்கிக் காலீல எனக்கும் அவருக்கும் சண்ட. எதுக்குன்னு கூட மறந்துபூச்சி. ‘உன் சோறு எனக்கு வாணாம்’னு கெளம்பிட்டாரு. நான் பின்னாடியே ஓடி சைக்கிள்ல மாட்டிவுட்டேன். நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு. அவருக்கு உசுரு. சாயங்காலம் யாரோ டப்பாவ கொண்டாந்து குடுத்தாங்க. காலி. கழுவாம. நானும் இன்னும் கழுவல.”

டப்பாவைத் தரையில் வைத்தார்.

“எப்பவும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து துன்றதுதான. அன்னிக்கி அவரு துன்னாரா, இல்ல கோவத்துல தொடாம வெச்சி, எல்லாத்தியும் இவனே துன்னானா? அத்த ஒர்த்தரும் கேக்கல. கோர்ட்டுல கம்பி எத்தினி அடின்னு கேட்டாங்க. வெயிலா நெயலான்னு கேட்டாங்க. சோறு துன்னாரான்னு கேக்கல. அது தெரிஞ்ச ஆளு அவன் ஒர்த்தன்தான்.”

யாழினி டப்பாவை எடுத்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். வாங்கப் போனேன். “வுடு, ஆடட்டும்” என்றார். பிறகு, “அவன் வந்தா நேரா பாத்துக் கேக்க எனக்குத் தெம்பு இருக்குதான்னும் தெரில. நீ கேட்டு வந்து சொல்றியா?” என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அறிக்கை எழுதுபவர் செய்தி சுமப்பவர் ஆகக்கூடாது என்று நானே பயிற்சி வகுப்பில் பேசியிருக்கிறேன். “கேக்கிறேன்க்கா” என்றேன்.

கிளம்பும்போது பழக்கத்தில், “வரட்டுமா?” என்றேன்.

“நீயும் அத்தத்தான் கேக்குற” என்று சிரித்தார். “வா.”

இரண்டாவது அறிக்கையில் ஆட்சேபணைக் கட்டங்கள் இரண்டையும் நிரப்பவில்லை. செல்வியக்காவின் சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதினேன். அதன் கீழே, ‘இச்சொல்லைச் சம்மதமாகவோ மறுப்பாகவோ கொள்ள இயலவில்லை, சிறைவாசி காலனியில் தங்குவது உகந்ததல்ல, கடம்பத்தூரில் சகோதரியின் வீட்டில் தங்கும் நிபந்தனையோடு விடுப்பு வழங்கலாம்’ என்று எழுதினேன். மேரியக்கா வீட்டு ஓனரிடம் போய் என்ன பேசினாரோ, அவர் ஒத்துக்கொண்டார். விடுப்பு கிடைத்தது.

நான் எழுதியது சரியா? அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. இத்தனை வருடம் உள்ளே இருந்த ஒருவரை ஆறு நாள்கூட வெளியே விடாமல் வைத்து, பிறகு ஒருநாள் மொத்தமாக விடுதலை செய்தால், அவருக்கு வெளியே எதுவும் பிடிபடாது என்று தோன்றியது. அதே சமயம், காலனிக்குள் வரக்கூடாது என்று நான் எழுதிய ஒரு வரியால் செல்வியக்கா கேட்க இருந்த கேள்வியையும் தடுத்துவிட்டேன். பாதுகாப்பு என்றுதான் செய்தேன். யாருடைய பாதுகாப்பு என்று இப்போது யோசிக்கிறேன். என்னுடையதாகவும் இருக்கலாம்.

விடுப்பின் மூன்றாம் நாள் கடம்பத்தூருக்குப் போனேன். இடையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நம் கடமைதான். தேவராஜ் மேரியக்கா எடுத்த சட்டையைப் போட்டிருந்தார். பொத்தான்கள் வயிற்றின் மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. மற்றபடி எந்தக் கம்பெனி வாசலிலும் பார்க்கக்கூடிய ஒரு மனிதர். கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொன்னார். செய்ததற்கு வருந்துகிறேன், உள்ளே தையல் கற்றுக்கொண்டேன், வெளியே வந்தால் உழைத்துச் சாப்பிடுவேன். நான் எழுதுவதற்குத் தோதாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் சொல்லவும் முடியவில்லை. நல்ல பதில்கள்தான் அவை.

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, செல்வியக்காவின் கேள்வியைக் கேட்டேன்.

 சட்டையின் கடைசிப் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். உள்ளே மேரியக்கா பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றுவிட்டது.

“எது சொன்னா அவங்களுக்கு நல்லாருக்கும் மேடம்?”

“உண்மையைச் சொன்னா நல்லாருக்கும்.”

“பதினாறு வருசமா எல்லாரும் ‘திருந்திட்டியா’ன்னுதான் கேட்டாங்க. அதுக்குப் பதிலு தெரியும். இத்த யாரும் கேக்கல.” மேரியக்கா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். “துன்னான்னு சொல்லிடுங்க.”

“சொல்லிடுங்கன்னா? சாப்பிட்டாரா?”

“நல்லா துன்னான்னு சொல்லிடுங்க மேடம்.”

எழுந்து உள்ளே போய்விட்டார். ஆறாம் நாள், சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்பே சிறை வாசலில் போய் நின்றார் என்று அறிந்தேன்.

அந்தப் பதிலைப் பல விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். குமார் சாப்பிட்டிருந்தால், ‘சாப்பிட்டான்’ என்று சொல்லிவிட்டுப் போவதில் என்ன கஷ்டம்? சாப்பிடவில்லை என்றால், ஒரு பெண்ணின் மனம் ஆற வேண்டும் என்று பொய் சொல்கிறார். அந்த இரக்கம் பதினாறு வருடத்துக்கு முன்பு அந்த மரத்தடியில் அவரிடம் இல்லை. அப்படியென்றால் மாறியிருக்கிறார். அல்லது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எந்தப் பதில் வேண்டுமோ அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதைத்தான் சிறை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறதா? அப்படியென்றால் திருந்தினேன் என்பதும் அதே வகைப் பதில்தானா? அல்லது, அந்தக் குழம்பை முழுக்க அவரே சாப்பிட்டுவிட்டு எழுந்து கம்பியை எடுத்தாரா? அதைத் தன் வாயால் சொல்ல முடியாத அவமானம் ஒருவனுக்கு இருந்தால், அவனை நம்பலாமா, கூடாதா? எது சொன்னால் நல்லாருக்கும் என்று கேட்பவரைப் பார்த்துப் பயப்படுவதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வேலையை விட்டபோது எல்லாக் கோப்புகளையும் ஒப்படைத்தேன். தேவராஜின் முன்விடுதலை மனு அடுத்து வரும். உங்களில் ஒருவர்தான் கும்மிடிப்பூண்டிக்குப் போவீர்கள். கொலை செய்தவர்களை விடவே கூடாது என்றோ, இத்தனை வருடம் போதும் என்றோ ஒரு முடிவோடு போகாதீர்கள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தோடும் போகாதீர்கள். நான் கேட்ட இந்தப் பதில் எந்தக் கோப்பிலும் இல்லை. அதை உங்களிடம் சொன்னது சரியா என்றும் எனக்குத் தெரியாது.

இனி நான் கேட்க வேண்டியது. இப்போது நான் அதிகாரி இல்லை. செல்வியக்கா வீட்டுக்கு எந்த அனுமதியும் இல்லாமல் போகலாம். ‘நல்லா சாப்பிட்டாராம்’ என்று சொன்னால் அந்தம்மா அந்த டப்பாவைக் கழுவி உள்ளே வைத்துவிடக்கூடும். ஆனால் அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. தேவராஜ் சொன்னதை, சொன்னது போலவே, அந்த ‘சொல்லிடுங்க’ உட்படச் சொன்னால், செல்வியக்காவின் தூக்கம் போய்விடக்கூடும். ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கும் எனக்கு உரிமை இல்லை, கேட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள்.

நான் என்ன சொல்லட்டும்? உங்களுக்கு அனுபவம் குறைவு என்று தயங்காமல் எழுதுங்கள். செல்வியக்காவுக்கு இப்போதும் வியாழக்கிழமைதான் விடுமுறை. ஒவ்வொரு புதன்கிழமை இரவும், நாளை போகலாம் என்று புடவையை எடுத்து வைக்கிறேன். இன்னும் போகவில்லை.